காசு பெறாத அட்டைகள்

அரசர்களின் வாளும் முடியும் எப்படியோ காலத்தைக் கடந்து நின்றுவிடுகின்றன. அவற்றுக்குக் கருவூலம் உண்டு, காவலும் உண்டு. எளிய மக்கள் அன்றாடம் கையாண்ட பொருள்களுக்கு அந்தப் பேறு வாய்ப்பதில்லை. கிழிந்தால் அவை குப்பைக்குப் போகின்றன. வீடு மாறும்போது அடுப்புக்குப் போகின்றன. எவரேனும் ஒருவர் குனிந்து எடுத்து வைத்தாலன்றி, ஒரு தலைமுறை எதைப் பார்த்து மகிழ்ந்தது என்பதை அடுத்த தலைமுறை அறிய வழியில்லை. அமெரிக்க நாட்டில் அவ்வாறு குனிந்து எடுத்த ஒரு மனிதரைப் பற்றியும், அவர் காத்து வைத்த பேஸ்பால் அட்டைகளைப் பற்றியும் இக்கட்டுரையில் காண்போம்.

பேஸ்பால் மட்டையும் பந்தும் கொண்டு ஆடப்படுவது. கிரிக்கெட்டை அறிந்த நமக்கு அதன் போக்கு ஓரளவு விளங்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே அது அமெரிக்காவின் தேசிய ஆட்டம் என்னும் பெயரைப் பெற்றுவிட்டது. அந்த ஆட்டக்காரர்களின் படம் அச்சிட்ட, உள்ளங்கைக்குள் அடங்கும் சிறு அட்டைகளே நாம் குறிப்பிடுபவை.

புகையிலைப் பொட்டலத்தில் பிறந்தவை

இந்த அட்டைகளின் பிறப்பு அத்துணை உயர்ந்ததன்று. 1880-களில் சிகரெட்டுகள் மெல்லிய தாள் பொட்டலங்களில் விற்கப்பட்டன. சட்டைப்பையில் வைத்தால் அவை நசுங்கின. அதைத் தடுக்கப் பொட்டலத்துக்குள் ஒரு தடித்த அட்டையைச் செருகினர். வெற்று அட்டையாக விடுவானேன் என்று அதன்மேல் நடிகையர், பறவைகள், கொடிகள், விளையாட்டு வீரர்கள் எனப் பலவகைப் படங்களை அச்சிட்டனர். படத்துக்காகவே பொட்டலம் வாங்குவோர் பெருகினர். 1887-இல் ஆலன் அண்டு கிண்ட்டர் நிறுவனம் வெளியிட்ட 50 அட்டைகள் கொண்ட வீரர் வரிசையில் பத்துப் பேர் பேஸ்பால் ஆட்டக்காரர்கள். அதே காலத்தில் 'ஓல்டு ஜட்ஜ்' என்னும் சிகரெட்டோடு நூற்றுக்கணக்கான ஆட்டக்காரர்களின் புகைப்படங்கள் வந்தன. புகைப்பட நிலையத்துக்குள் நின்றபடி பந்தைப் பிடிப்பதுபோல் அவர்கள் தோற்றம் தருகின்றனர். கூர்ந்து பார்த்தால் அந்தப் பந்து நூலில் கட்டித் தொங்குவது சில படங்களில் புலனாகும்.

1890-இல் ஜேம்ஸ் டியூக் என்பவர் பெரிய சிகரெட் நிறுவனங்களை ஒன்றாக இணைத்து அமெரிக்கப் புகையிலைக் கூட்டு நிறுவனத்தை அமைத்தார். போட்டி ஒழிந்தபின் வாங்குவோரைக் கவர வேண்டிய தேவையும் ஒழிந்தது. அட்டைகள் அருகிப்போயின. பின்னர் 1909 முதல் 1911 வரை அதே நிறுவனம் ஐந்நூறுக்கு மேற்பட்ட அட்டைகள் கொண்ட, வெள்ளைக் கரையிட்ட புகழ்பெற்ற வரிசையை வெளியிட்டது. 1911-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த ஏகபோகத்தை உடைத்தது. அதன்பின் அட்டைகள் மெல்ல மெல்ல மிட்டாய்க் கடைக்கு இடம் மாறின. 1933-இல் பாஸ்டன் நகரின் கௌடி நிறுவனம் ஒரு சென்ட் காசுக்குச் சூயிங்கம்மும் அட்டையும் சேர்த்துத் தந்தது. 240 எண்கள் கொண்ட அவ்வரிசையில் 106-ஆம் எண் அட்டை மட்டும் அவ்வாண்டு வெளிவரவே இல்லை. இல்லாத ஒன்றைத் தேடிச் சிறுவர்கள் காசைச் செலவிட்டுக்கொண்டே இருந்தனர். எழுதிக் கேட்டோர்க்கு அடுத்த ஆண்டு அது அஞ்சலில் அனுப்பப்பட்டது. குழந்தைகளின் ஆவலை வணிகம் எந்த அளவுக்கு அறிந்திருந்தது என்பதற்கு இது ஒரு சான்று.

சிரக்யூஸ் நகரத் தொழிலாளி

இத்தகைய அட்டைகளை எவரும் பொருட்படுத்தாத காலத்தில் பொருட்படுத்தியவர் ஜெபர்சன் பர்டிக். 1900-இல் நியூயார்க் மாநிலத்தின் உட்பகுதியில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே அட்டை சேர்க்கத் தொடங்கினார். பின்னாளில் சிரக்யூஸ் நகரில் மின்கருவித் தொழிற்சாலை ஒன்றில் சிறு உறுப்புகளைப் பொருத்தும் வேலை பார்த்தார். செல்வர் அல்லர், தனியாக வாழ்ந்தவர். முப்பது வயதை ஒட்டி மூட்டுவாதம் அவரைப் பற்றிக்கொண்டது. ஆண்டுகள் செல்லச் செல்ல விரல்கள் முடங்கின, உடல் வளைந்தது.

அவர் வாங்கியவை பெரும்பாலும் சில காசுகளே பெறுமானவை. ஆட்டக்காரர் படங்களோடு அவர் நின்றுவிடவில்லை. கடை விளம்பர அட்டை, வாழ்த்து அட்டை, அஞ்சலட்டை, சுருட்டுக்குச் சுற்றும் தாள் வளையம் என்று மக்கள் கைக்கு வந்து மறைந்த அச்சுத்தாள் எதையும் அவர் விட்டுவைக்கவில்லை. சேர்ப்பதற்கு மேலாக அவர் செய்த பெரும்பணி ஒன்று உண்டு. 1937-இல் அட்டை சேர்ப்போர்க்கென ஒரு சிறு செய்தி மடலைத் தொடங்கினார். 1939-இல் அமெரிக்க அட்டைகள் அனைத்தையும் வகைப்படுத்தும் பட்டியல் நூலை வெளியிட்டார். பின்னர் அதைத் திருத்தியும் விரித்தும் மறுபதிப்புகள் கொண்டுவந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புகையிலை அட்டைக்கு 'என்', இருபதாம் நூற்றாண்டினதற்கு 'டி', முற்காலத்து மிட்டாய் அட்டைக்கு 'இ', பிற்காலத்து சூயிங்கம் அட்டைக்கு 'ஆர்' என எழுத்துகளை வகுத்து, ஒவ்வொரு வரிசைக்கும் எண் தந்தார். மேலே நாம் கண்ட வெள்ளைக் கரை வரிசைக்கு அவர் இட்ட பெயர் 'டி-206'. உலகம் இன்றும் அதை அப்பெயராலேயே அழைக்கிறது. பெயரில்லாக் குவியலாய்க் கிடந்ததற்குப் பெயரும் முறையும் தந்தவர் அந்தத் தொழிலாளியே.

அருங்காட்சியகத்தின் ஒரு மூலை

தமக்குப் பின் இவை சிதறிவிடும் என்று அஞ்சிய பர்டிக், 1947-இல் தம் சேகரத்தை நியூயார்க் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்துக்கு வழங்கத் தொடங்கினார். ஓவிய மேதைகளின் அச்சுப்படங்களைக் காக்கும் அந்த இடத்தில் சிகரெட் அட்டைக்கு என்ன வேலை என்று கேட்டிருக்கலாம். அச்சுப்பட்டப் பிரிவின் தலைவராக இருந்த ஹையட் மேயர் அவ்வாறு கேட்கவில்லை. பொதுமக்களின் அச்சுக்கலையும் கலை வரலாற்றின் பகுதியே என்று அவர் உணர்ந்திருந்தார். ஆயினும் மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட தாள்களை ஒழுங்குபடுத்த அங்கே ஆள் இல்லை. கொடுத்தவரே வந்து ஒழுங்கு செய்ய வேண்டியதாயிற்று.

பர்டிக் உடன்பட்டார். தொடக்கத்தில் சிரக்யூஸிலிருந்து வந்து போனார். பணி ஓய்வுக்குப்பின் நியூயார்க்குக்கே குடிபெயர்ந்தார். அச்சுப்பட்டப் பிரிவின் ஒரு மூலையில் அவருக்கு ஒரு மேசை தரப்பட்டது. முடங்கிய விரல்களால் ஒவ்வோர் அட்டையையும் எடுத்து, அதற்குரிய ஆல்பத்தின் உரிய பக்கத்தில் பசையிட்டு ஒட்டினார். வேலை முடியுமுன் உடல் தளர்ந்துவிடுமோ என்னும் கவலையோடு ஒட்டினார். 1963 ஜனவரி 10-ஆம் நாள் மாலை பணி முடிந்தது. இனித் தாம் வரப்போவதில்லை என்று சொல்லிவிட்டு மேலங்கியை அணிந்து புறப்பட்டார். மறுநாளே மருத்துவமனையில் சேர்ந்தார். இரண்டு மாதங்களில், அதே ஆண்டு மார்ச்சில், இறந்தார்.

அவர் ஒட்டியவற்றுள் பேஸ்பால் அட்டைகள் மட்டும் ஏறத்தாழ 30,000. அவற்றுள் ஒன்று ஹோனஸ் வாக்னர் என்னும் ஆட்டக்காரருடையது. டி-206 வரிசையில் அவருடைய அட்டை தொடக்கத்திலேயே நிறுத்தப்பட்டது. சிறுவர்கள் புகையிலை வாங்க நேர்வதை அவர் விரும்பவில்லை என்பர் சிலர். உரிய பணம் தரப்படாததால் மறுத்தார் என்பர் வேறு சிலர். எஞ்சியிருப்பவை அறுபது அளவிலேயே இருக்கும். பர்டிக்கின் பட்டியலில் அதன் விலை 50 டாலர். 2022-இல் அவற்றுள் ஒன்று 72 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்குக் கைமாறியது.

விலை நுழைந்த கதை

ஐம்பது டாலர் எவ்வாறு எழுபது லட்சத்தைக் கடந்தது? 1952-இல் டாப்ஸ் நிறுவனம் 407 வண்ண அட்டைகள் கொண்ட வரிசையை வெளியிட்டது. பின்பகுதி அட்டைகள் விற்கவில்லை. கிடங்கில் இடமில்லாமல் 1960-இல் அவற்றைப் படகில் ஏற்றிக் கடலில் கொட்டியதாக, அவ்வரிசையை உருவாக்கிய சை பெர்கர் பின்னாளில் கூறியிருக்கிறார். அவ்வரிசையின் மிக்கி மேண்டில் அட்டை ஒன்று 2022-இல் ஒரு கோடியே 26 லட்சம் டாலருக்கு விற்றது.

பழைய அட்டைகள் அரிதாகியதற்குக் காரணம் எவரும் அவற்றைக் காக்காததே. இரண்டாம் உலகப்போரின்போது பழைய தாள் திரட்டும் இயக்கத்தில் எத்தனையோ போயின. பிள்ளைகள் வளர்ந்து வெளியேறியபின் அன்னையர் வீட்டைத் துப்புரவு செய்கையில் எத்தனையோ போயின. 1979-இல் புள்ளியியல் பேராசிரியர் ஜேம்ஸ் பெக்கெட் இன்னொருவரோடு சேர்ந்து விலைக் கையேடு ஒன்றை வெளியிட்டார். 1984-இல் அதற்கென மாத இதழே தொடங்கினார். அதுமுதல் சிறுவர்கள் அட்டையின் முகத்தைப் பார்க்குமுன் கையேட்டின் எண்ணைப் பார்க்கலாயினர். அட்டை ஒரு முதலீடாகிவிட்டது. பெற்றோர் பெட்டி பெட்டியாக வாங்கி, பிரிக்காமலே பூட்டி வைத்தனர். நிறுவனங்களும் அளவின்றி அச்சிட்டுத் தள்ளின.

விளைவை எளிதில் ஊகிக்கலாம். எவரும் காக்காத அட்டை அரிதாயிற்று. எல்லாரும் காத்த அட்டை மலிந்துபோயிற்று. 1994-இல் ஆட்டக்காரர்களின் வேலைநிறுத்தத்தால் இறுதித் தொடரே நடைபெறாமல் போனது. சந்தையும் சரிந்தது. 1980-களின் இறுதியில் அச்சான சாதாரண அட்டை ஒன்றின் விலை இன்றும் சில சென்ட்டுகளே. பிள்ளையின் கல்லூரிப் படிப்புக்கு ஆகும் என்று சேர்த்தவர்கள் ஏமாந்தனர். ஆனால் சேர்ப்பதிலேயே இன்பம் கண்டவர்க்கு எந்த இழப்பும் நேரவில்லை. 792 அட்டைகள் கொண்ட ஒரு முழு ஆண்டின் வரிசையை மிகக் குறைந்த செலவில் நிறைவு செய்ய அவர்களால் முடிகிறது. வாழ்நாள் முழுதும் இதையே பொழுதுபோக்காகக் கொண்டு, பேர்பெறாத ஆட்டக்காரர்களின் பிறந்த ஊரையும் ஆண்டுவாரி ஆட்டக் கணக்கையும் அட்டையின் பின்புறத்தில் படித்து மகிழ்வோர் பலர் இருக்கின்றனர்.

அட்டையில் இடம்பெறாதவர்கள்

காசு பெறாத இந்த அட்டைகள் கனமான உண்மை ஒன்றையும் சொல்கின்றன. டி-206 வரிசையின் ஐந்நூறுக்கு மேற்பட்ட முகங்களுள் ஒரு கறுப்பின முகமும் இல்லை. 1933-ஆம் ஆண்டின் 240 அட்டைகளிலும் இல்லை. பெரிய போட்டிகளில் அவர்கள் சேர்க்கப்படாமையே காரணம். தனியே ஒதுக்கப்பட்ட அணிகளில் ஆடிய ஜோஷ் கிப்சன் அக்காலத்தின் மிகச் சிறந்த மட்டைவீரர்களுள் ஒருவர். அவர் 1947 ஜனவரியில் இறந்தார். அதே ஆண்டு ஏப்ரல் 15-இல் ஜாக்கி ராபின்சன் புரூக்லின் அணிக்காகக் களமிறங்கி அந்தத் தடையை உடைத்தார். அதன்பின் இரண்டே ஆண்டுகளுக்குள் சூயிங்கம் அட்டைகளில் ராபின்சனின் முகமும், ஒதுக்கப்பட்ட அணிகளில் நெடுங்காலம் பந்து வீசிய சாட்செல் பேஜின் முகமும் வந்துவிட்டன. வரிசைகளை ஆண்டு முறையில் அடுக்கிப் பார்ப்பவர் கண்ணுக்கு இந்த மாற்றம் தப்பாது. விலையுயர்ந்த ஓர் அட்டையை மட்டும் இரும்புப் பெட்டியில் பூட்டி வைப்பவர் இதைக் காண்பதற்கில்லை. இல்லாமையை அறிய வேண்டுமானால் முழு வரிசையும் கண்முன் இருக்க வேண்டும்.

பர்டிக் செய்த பணியின் பெருமை இங்கேதான் நமக்கு விளங்குகிறது. புகழ்பெற்றவனையும் பேர்பெறாதவனையும் அவர் ஒரே பசையால் ஒட்டினார். இன்றைய அட்டை வணிகர்கள் அதைக் கண்டு வருந்துகின்றனர். பசை பட்ட அட்டைக்குச் சந்தையில் மதிப்புக் குறைவு. அவர் அவற்றைச் சந்தைக்கென வைத்துச் செல்லவில்லை. எவரும் கேட்டுப் பார்க்கவும், வரிசை கெடாமல் நிற்கவும் வைத்துச் சென்றார்.

ஒரு பொருளின் விலையை வாங்குபவன் தீர்மானிக்கிறான். அதன் மதிப்பைக் காப்பவன் தீர்மானிக்கிறான் என்று நாம் கருதுகிறோம். நம் வீட்டுப் பரணிலும் மரப்பெட்டியிலும் கிடக்கும் பழைய தாள்களை எறிவதற்குமுன், அவற்றுள் எவருடைய பெயர் இருக்கிறது, எவருடைய பெயர் விடுபட்டிருக்கிறது என்று ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நலம்.