ஒன்பதாம் எண் சட்டை போன ஊர்கள்

கார் நிக்கோபார் தீவின் பெர்கா கிராமத்துக்காரர் ஒருவருக்கு டேவிட் பெக்காம் என்று பெயர். கால்பந்து ஆடுகிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். தேசிய அளவில் பதக்கம் வாங்கிய சைக்கிள் வீரர். ஆட்டக்காரரின் பெயர் அப்படித்தான், சிரமமில்லாமல் கடல் தாண்டி வந்து தொட்டிலில் ஏறிவிடுகிறது. அவர் ஆடுகிற முறை வருவதற்கு மட்டும் இடையில் ஒரு வாத்தியார் வேண்டியிருக்கிறது.

கார் நிக்கோபாருக்குப் பந்து வந்ததே ஒரு வாத்தியாரால்தான் என்று அங்கே சொல்கிறார்கள். அதற்கு முந்திய கண்ணி ஒரு தமிழர். வேதப்பன் சாலமன் என்ற உபதேசியார் 1890களில் தீவின் வடமுனையில் இருக்கும் முஸ் கிராமத்துக்கு அரசின் ஏஜெண்டாகப் போய், வீட்டருகே பள்ளி வைத்தார். அங்கே படித்த நிக்கோபாரியச் சிறுவன் ஒருவன் பர்மாவின் மாந்தலேயில் இருந்த மிஷன் பள்ளிக்குப் போய்ப் படித்துவிட்டு, 1912ல் ஜான் ரிச்சர்ட்சன் என்ற பெயரோடு ஊர் திரும்பி வாத்தியார் வேலையில் உட்கார்ந்தான். பின்னாளில் பிஷப் ஆனவரும், 1952ல் முதல் மக்களவைக்கு அந்தமான் நிக்கோபாரின் நியமன உறுப்பினராகப் போனவரும் அவரே. சுருக்கமாகச் சொன்னால் நவீன நிக்கோபாரின் தகப்பன். பைபிளோடு கால்பந்தையும் அவர்தான் கொண்டுவந்தார் என்பது தீவின் நம்பிக்கை. நம்பாமலிருக்கக் காரணம் எதுவும் இல்லை; பிரிட்டிஷ் ஆட்சி நடந்த இடங்களில் ஒன்று பட்டாளம் பந்தைக் கொண்டுபோனது, இல்லையென்றால் மிஷன் பள்ளி.

அந்தக் காலத்துப் பந்தோடு ஓர் ஆட்டமுறையும் ஒட்டிக்கொண்டே வரும். ரெண்டு பேக், மூன்று ஹாஃப், முன்னால் ஐந்து ஃபார்வர்டு. ஐவரின் நடுவில் நிற்பவர் சென்டர் ஃபார்வர்டு. முதுகில் எண் போடும் வழக்கம் வந்தபோது அவருக்கு ஒன்பது கிடைத்தது. நேரே கோலைப் பார்த்து நிற்பார், பந்து வந்தால் அடிப்பார். வேறு வேலை அவருக்கு இல்லை. ஆஃப்சைடு விதி 1925ல் தளர்ந்து கோல்கள் குவியத் தொடங்கியதும், லண்டனில் ஆர்சனல் அணியின் ஹெர்பர்ட் சாப்மன் சென்டர் ஹாஃபைப் பின்னுக்கு இழுத்து ஒன்பதாம் எண்ணுக்குக் காவல் வைத்தார். அதன்பின் முப்பது வருடம் கால்பந்து என்பது பெரும்பாலும் இந்த இருவரின் மல்லுக்கட்டு.

அதை உடைத்த யோசனை புடாபெஸ்டில் பிறந்தது. ஒன்பதாம் எண்காரர் கோல் வாசலில் நிற்காமல் நடுக்களத்துக்கு இறங்கி வந்துவிட்டால் காவலுக்கு நிற்பவர் என்ன செய்வார்? பின்தொடர்ந்தால் வாசல் திறந்து கிடக்கும். நின்றால் எதிராளி தொந்தரவில்லாமல் பந்தைப் பிரித்துக் கொடுப்பார். எம்.டி.கே. அணியில் மார்டோன் புகோவி இதைப் பழக்கினார், தேசிய அணிக்கு குஸ்தாவ் செபெஷ் எடுத்துக்கொண்டார். 1953 நவம்பர் 25 அன்று வெம்ப்ளியில் ஹிடெக்குட்டி என்ற ஒன்பதாம் எண் அப்படி இறங்கி இறங்கி வந்தே மூன்று கோல் போட்டார். ஆட்டம் முடிந்தபோது ஹங்கேரி 6, இங்கிலாந்து 3. காவலுக்கு நின்ற ஹாரி ஜான்ஸ்டனுக்கு அன்று யாரைக் காப்பது என்றே தெரியவில்லை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஹங்கேரியர்களுக்குப் பந்தைத் தரையோடு கொடுத்து வாங்கச் சொல்லித்தந்தவர் ஜிம்மி ஹோகன், சொந்த நாட்டில் மதிப்பு கிடைக்காத ஓர் ஆங்கிலேயர்.

இந்த யோசனை இந்தியாவுக்கு வந்து இறங்கிய இடம் ஹைதராபாத். சையத் அப்துல் ரகீம் உஸ்மானியா பல்கலைக்கழக அணியில் ஆடியவர், பிழைப்புக்குப் பள்ளி வாத்தியார். ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணியை அவர் கையில் எடுத்த பிறகு, 1950 முதல் 1954 வரை ரோவர்ஸ் கோப்பை தொடர்ந்து ஐந்து வருடம் பம்பாயிலிருந்து அங்கேயே போனது. இந்திய அணிக்கும் அவரே பயிற்சியாளர். 1952ல் ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் நம் ஆட்கள் பலர் வெறுங்காலோடு ஆடி யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றார்கள். அதே யூகோஸ்லாவியாவை அதே ஊரில் இறுதியாட்டத்தில் 2-0 என்று வீழ்த்தித் தங்கம் வாங்கியது, ஒன்பதாம் எண்ணைப் பின்னுக்கு இறக்கப்போகிற அந்த ஹங்கேரிதான்.

பத்து கோல் வாங்கிய பயிற்சியாளர் ஊருக்கு வந்து பின்களத்தில் இன்னும் ரெண்டு பேரைச் சேர்ப்பார் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். ரகீம் தாக்குதலைத் திருத்தினார். ஹைதராபாத்தில் அவர் நடத்திய போட்டிகளின் விதிகள் இன்று கேட்டாலும் சிரிப்பு வரும். ஒரு போட்டியில் பழகாத காலால்தான் பந்தைத் தொட வேண்டும்: வலதுகாலன் இடதால், இடதுகாலன் வலதால். இன்னொன்றில் டிரிபிளிங் கூடாது, பந்தை வைத்துக்கொண்டு வித்தை காட்டினால் குற்றம். வாங்கியதும் கொடுத்துவிட வேண்டும். வெட்டி வெட்டி நாலு பேரைத் தாண்டிப் போனால்தான் கைதட்டு என்றிருந்த நாட்டில் இது கிட்டத்தட்ட தண்டனை. ஆனால் ஒன்பதாம் எண் கீழே இறங்கி வரும் ஆட்டத்துக்கு இதுதான் அரிச்சுவடி. அவர் இறங்கி வாங்கும் பந்தை உடனே விடவில்லை என்றால், இறங்கி வந்ததே வீண்.

1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்த யோசனை பிறந்த நாட்டையே முதல் சுற்றில் சந்திக்க வேண்டிய நிலை. ஹங்கேரி வரவில்லை, அந்த வருடம் புடாபெஸ்டில் சோவியத் டாங்கிகள் நின்றன. இந்தியா ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போய், டிசம்பர் 1 அன்று ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்றது. நெவில் டிசோசா மூன்று கோல், கிட்டு என்கிற கிருஷ்ணசாமி ஒன்று. ஒலிம்பிக் கால்பந்தில் ஓர் ஆசிய அணி அரையிறுதிக்குப் போனது அதுவே முதல்முறை. அரையிறுதியில் மீண்டும் யூகோஸ்லாவியா. தோல்விதான், ஆனால் இம்முறை 4-1. ஹங்கேரியைக் கடைசியில் 1960ல் ரோமில்தான் சந்தித்தார்கள். 2-1 என்று தோற்றார்கள், பலராம் ஒரு கோலைத் திருப்பிப் போட்டார்.

நாலு பேக், ரெண்டு ஹாஃப், நாலு ஃபார்வர்டு என்ற அமைப்பை 1958 உலகக் கோப்பையில் பிரேசில் ஆடிக் காட்டியதற்கு முன்பே ரகீம் ஆடவைத்தார் என்று ஹைதராபாத்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். பாதியை நான் ஏற்கிறேன். பிரேசிலுக்கும் பேலா குட்மன் என்ற ஹங்கேரியர் சாவ் பாவ்லோவில் பயிற்சி தந்த கதை உண்டு. ஒரே ஊற்று ரெண்டு பக்கம் ஓடியிருக்கிறது. யார் முந்தி என்ற தகராறு காப்பிக்கடைக்கு நல்லது.

ரகீமின் துணிச்சல் முழுதாகத் தெரிந்தது 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில். முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 2-0 தோல்வி. அடுத்து தாய்லாந்தை வென்ற ஆட்டத்தில் பேக் ஜர்னைல் சிங்குக்கு மண்டை உடைந்து தையல் போட்டார்கள். தலையில் கட்டோடு இருப்பவரை வெளியே உட்காரவைப்பதுதான் ஊர் வழக்கம். ரகீம் அவரை அரையிறுதியில் சென்டர் ஃபார்வர்டாக இறக்கினார். ஒன்பதாம் எண்ணை நடுக்களத்துக்கு இறக்கிப் பழகிய மனிதர், இப்போது பின்கள ஆளையே ஒன்பதாம் இடத்துக்கு ஏற்றுகிறார். ஜர்னைல் தென்வியட்நாமுக்கு எதிராக ஒரு கோல் போட்டார், 3-2 வெற்றி. செப்டம்பர் 4, இறுதியாட்டம், எதிரே மறுபடி தென்கொரியா. இஸ்ரேலும் தைவானும் அழைக்கப்படாதது பற்றி ஓர் இந்திய அதிகாரி பேசியதால் கொதித்துப்போயிருந்த லட்சம் பேர் செனயான் மைதானத்தில் இந்தியாவுக்கு எதிராக ஊளையிட்டார்கள். 17வது நிமிடம் பி.கே. பானர்ஜி, 20வது நிமிடம் அதே ஜர்னைல். கோல் வாசலில் நெட்டையாக பீட்டர் தங்கராஜ். மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டருக்கு டூராண்டு கோப்பை வாங்கித் தந்தவர். 2-1. அதன்பிறகு இந்தியா ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் தங்கம் வாங்கவே இல்லை.

அப்போதே ரகீமின் நுரையீரலில் புற்றுநோய் இருந்தது. 1963 ஜூனில் இறந்தார். அவர் முறை இருந்ததெல்லாம் பசங்களின் கால்களிலும் காதுகளிலும்தான். அறுபது வருடம் கழித்து, 2024ல் ‘மைதான்’ என்ற இந்திப் படம் வந்தபோதுதான் பல பேருக்கு ரகீம் யாரென்றே தெரிந்தது.

தீவுகளுக்கு இந்த ஓட்டம் எட்டவில்லை. ஹைதராபாத் பையனுக்கு சிட்டி போலீஸ் அணி இருந்தது, அங்கிருந்து கல்கத்தா கிளப்புகளுக்கு ரயில் இருந்தது. கார் நிக்கோபார் பையனுக்கு போர்ட் பிளேர் போகவே கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும். திறமை இல்லாமலில்லை, அந்தப் பள்ளிப் பிள்ளைகள் தில்லியின் சுப்ரோதோ கோப்பை வரை போய் ஆடியவர்கள். திரும்பி வந்த பிறகு சேர்வதற்கு ஓர் அணிதான் இல்லை. 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஏறி வந்து கரையோர ஊர்களையே அழித்துக்கொண்டு போனது. ஊர்கள் உள்ளே தள்ளிக் கட்டப்பட்டன, பந்து விளையாடும் திடல்களையும் புதிதாகத் தேட வேண்டியிருந்தது.

கல்கத்தாவில் அந்த ஓட்டம் நிற்கவில்லை. ரகீமின் பசங்களில் நெடுங்காலம் பயிற்சியாளராக நின்ற ஒருவர் பி.கே. பானர்ஜி. 1997 ஜூலை 13 அன்று கல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி. 1,31,000 பேர் வந்தார்கள். மோகன் பகானுக்கு அமல் தத்தா ‘டயமண்ட்’ என்று பெயர் வைத்த புதிய தாக்குதல் முறையைக் கொண்டுவந்து, வாரக்கணக்கில் பத்திரிகைகளுக்குத் தீனி போட்டிருந்தார். எதிர்ப்பக்கம் ஈஸ்ட் பெங்கால் பெஞ்சில் பி.கே. அவர் புது முறை எதுவும் அறிவிக்கவில்லை. பாய்ச்சுங் பூட்டியா மூன்று கோல் போட, ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று ஜெயித்தது.