அமெரிக்க நாட்டுக் கனிட்ட கல்லூரிகள்

பல்கலைக் கழகக் கல்வி எக்காலத்திலும் செலவு மிக்கது. கற்பித்தற் கட்டணம் ஒரு பங்கு. ஊரை விட்டுச் சென்று தங்கி உண்பதற்காகும் செலவு மற்றொரு பங்கு. அந்த நாலாண்டுக் காலத்திலே தொழில் செய்திருந்தாற் கிடைத்திருக்கக்கூடிய ஊதியத்தை இழப்பது, பெரும்பாலோர் கணக்கில் எழுதாத மூன்றாவது பங்கு. அமெரிக்க ஐக்கிய நாட்டிலே இச்செலவைச் சுருக்கிக்கொள்ள ஒரு வழி ஏற்பட்டது. முதலிரண்டு ஆண்டுகளையும் வீட்டிலிருந்தவாறே ஊர்க் கல்லூரியொன்றிற் கற்று, பின்னிரண்டு ஆண்டுகளுக்கு மாத்திரம் பல்கலைக் கழகத்துக்கு மாறிச் செல்வதே அவ்வழி. இதனை வகுத்தவர்கள் ஏழைப் பிள்ளைகளை மனத்திற்கொண்டே வகுத்தார்கள் என்று எண்ணத் தோன்றும். வரலாறோ வேறு விதமாகக் கூறுகின்றது.

சிக்காகோப் பல்கலைக் கழகம் 1892 ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டது. எண்ணெய்ச் செல்வரான ரொக்பெல்லரின் பணமும், முதல் தலைவரான வில்லியம் றெயினி ஹார்ப்பரின் ஊக்கமும் அதனை உருவாக்கின. ஹார்ப்பர் எபிரேய மொழி வல்லுநர். ஜெர்மானியப் பல்கலைக் கழகங்களின் ஆராய்ச்சி நெறியிலே பெருமதிப்பு வைத்தவர். முதலிரண்டு ஆண்டுகளிற் கற்பிக்கப்படுவது உண்மையிற் பாடசாலைப் படிப்பின் தொடர்ச்சியே என்பதும், ஆராய்ச்சி அதன் பின்னரே தொடங்குகின்றது என்பதும் அவர் கொள்கை. ஆகவே தமது பல்கலைக் கழகத்தை இரண்டாகப் பிரித்தார். 1896 இல் அப்பிரிவுகள் கனிட்ட கல்லூரி, சிரேட்ட கல்லூரி என்று பெயர் பெற்றன. கீழ்ப் பகுதியைக் காலப்போக்கிலே உயர்தரப் பாடசாலைகளும் சிறு கல்லூரிகளும் ஏற்றுக்கொள்ள வேண்டுமென்று அவர் விரும்பினார். ஏழை மாணவனுக்குக் கதவு திறப்பதைக் காட்டிலும், ஆராய்ச்சிக் கூடத்திலே நெரிசலைக் குறைப்பதே அவருடைய முதல் நோக்கம். நல்ல பயன் சில வேளைகளில் வேறொரு நோக்கத்தின் நிழலிலே பிறக்கின்றது.

சிக்காகோவுக்குச் சுமார் 40 மைல் தென்மேற்கே யோலியற் என்னும் நகரம் உள்ளது. சுண்ணாம்புக் கற்சுரங்கங்களும் உருக்காலையும் கொண்ட தொழிலாளர் நகரம் அது. அங்கிருந்த உயர்தரப் பாடசாலைக்கு அதிபராயிருந்த ஸ்ரான்லி பிறவுண் ஹார்ப்பரோடு கலந்து பேசி, பாடசாலைப் படிப்பு முடிந்த பின்னரும் இரண்டாண்டுகள் கற்பிக்கும் வகுப்பொன்றை 1901 இல் அமைத்தார். முதலிற் சேர்ந்த மாணவர் ஆறு பேர். தனிக் கட்டடமும் இல்லை, தனிப் பெயரும் இல்லை. ஆனால் ஒன்று இருந்தது: அங்கே கற்ற பாடங்களைச் சிக்காகோப் பல்கலைக் கழகம் தன்னிடங் கற்றவையாகவே ஏற்றுக்கொண்டது. இந்த ஏற்பு இல்லையாயின், அவ்வறுவரும் இரண்டாண்டுகளை வீணே கழித்தவர்களாவர். இன்றும் நடைபெறும் அமெரிக்கப் பொதுக் கனிட்ட கல்லூரிகளுள் யோலியற் கல்லூரியே மிகப் பழையது.

செலவு பற்றிய பேச்சு கலிபோர்னியாவிலேதான் வலுத்தது. அந்தனி கமினெற்றி என்பவர் பொன் தோண்டிய மலைநாட்டுப் பகுதியிலே இத்தாலியக் குடும்பமொன்றிற் பிறந்து, அம்மாநில மூதவையில் உறுப்பினரானவர். உயர்தரப் பாடசாலைகள் பல்கலைக் கழகத்தின் முதலிரண்டாண்டுப் பாடங்களைக் கற்பிக்கலாம் என்ற சட்டம் 1907 இல் அவர் முயற்சியால் நிறைவேறியது. சட்டம் அனுமதி கொடுத்ததேயன்றிப் பணம் கொடுக்கவில்லை. ஆயினும் 1910 இல் பிறெஸ்னோ நகரம் துணிந்து முன்வந்தது. பிறெஸ்னோ திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த ஊர். அங்கிருந்து பெர்க்கிளியிலுள்ள பல்கலைக் கழகத்துக்கு ஏறக்குறைய 200 மைல். பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்பி, வாடகை கொடுத்து, உணவுக்குங் கொடுத்துப் படிப்பிக்க எத்தனை கமக்காரரால் இயலும்? இவ்வினாவுக்கு விடையாகவே பிறெஸ்னோக் கல்லூரி எழுந்தது. சேமிப்பு என்பது கட்டணக் குறைவு மாத்திரமன்று. தாயின் சமையலும் சொந்தக் கூரையும் சேர்ந்ததே சேமிப்பு என்பதை அவ்வூர்ப் பெற்றோர் நன்கு அறிந்திருந்தனர்.

இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், 1944 ஆம் ஆண்டின் போர்வீரர் சட்டம் திரும்பி வந்த வீரர்களின் கல்விச் செலவை அரசாங்கத்தின் பொறுப்பாக்கியது. அதன் கீழ்ச் சுமார் 22 இலட்சம் பேர் கல்லூரிகளிற் சேர்ந்தனர். சனாதிபதி ட்ரூமன் நியமித்த ஆணைக்குழு 1947 இல் அளித்த அறிக்கை, பாடசாலைக்கு மேற்பட்ட இரண்டாண்டுக் கல்வியும் இலவசமாதல் வேண்டும் என்று கூறியது. ‘சமுதாயக் கல்லூரி’ என்னும் பெயர் நாடெங்கும் பரவியது அவ்வறிக்கையினாலேயே.

1960 இல் கலிபோர்னியா உயர்கல்விக்கு ஒரு பெருந்திட்டம் வகுத்தது. பல்கலைக் கழகத் தலைவர் கிளார்க் கேர் அதன் முக்கிய சிற்பி. பாடசாலையிலிருந்து வெளியேறுவோருள் முதல் எட்டிலொரு பங்கினர் மாநிலப் பல்கலைக் கழகத்துக்கு நேரே செல்லலாம். முதல் மூன்றிலொரு பங்கினர் மாநிலக் கல்லூரிகளுக்குச் செல்லலாம். ஏனையோர் அனைவருக்கும் கனிட்ட கல்லூரி திறந்திருக்கும். அங்கே நன்கு கற்றோர் பின்னர் மாறி வரலாம். மக்களாட்சியின் பெருமையென்று இதனைப் பலர் பாராட்டினர். பாராட்டத் தக்கதே. ஆனால் திட்டத்தின் மறுபக்கத்தையும் நோக்க வேண்டும். பல்கலைக் கழகம் அதுவரை திறந்திருந்த வாயிலையே இத்திட்டம் சற்று ஒடுக்கியது. கனிட்ட கல்லூரியில் ஒரு மாணவனைக் கற்பிப்பது மாநிலத்துக்கும் மலிவு. எனவே சேமித்தவன் மாணவன் மாத்திரமல்லன். மாநிலத் திறைசேரியும் சேமித்தது.

அதே 1960 ஆம் ஆண்டிலே சமூகவியலறிஞர் பேர்ட்டன் கிளார்க் ஒரு கட்டுரை வெளியிட்டார். சான் ஹோசே நகரக் கனிட்ட கல்லூரியை ஆராய்ந்த அவர், பட்ட ஆசையோடு வருவோரின் ஆவலை மெல்ல மெல்லத் தணித்து, சிறு தொழிற்பயிற்சியோடு மனநிறைவு கொள்ளச் செய்வதும் அக்கல்லூரியின் மறைமுகப் பணியாகிவிட்டதென்று காட்டினார். ஏமாந்தவன் கூச்சலிடாதபடி அவனைச் சமாதானப்படுத்தும் மோசக்காரரின் குழூஉக்குறியிலிருந்து எடுத்த சொல்லையே அவர் இதற்கு வழங்கினார். கடுஞ்சொற்றான், ஆயினும் அது மறக்கப்படவில்லை.

சேமிப்பின் அளவைப் பார்ப்போம். கலிபோர்னியாக் கல்லூரிகள் 1984 வரை மாநிலத்தவரிடம் பொதுக் கற்பித்தற் கட்டணம் அறவிடவில்லை. அவ்வாண்டு தவணைக்கு 50 டொலரை உச்சமாகக் கொண்டு கட்டணம் புகுந்தது. 2012 இல் அது பாட அலகொன்றுக்கு 46 டொலராயிற்று. ஆண்டொன்றுக்கு 30 அலகு எனக் கொண்டால் 1,380 டொலர். இரண்டாண்டுகளுக்கு 2,760 டொலர். அக்காலத்தில் மாநிலப் பல்கலைக் கழகத்தின் ஓராண்டுக் கட்டணமோ 12,000 டொலருக்கு மேல். கட்டணத்திலே மாத்திரம் 21,000 டொலருக்கு மேற்பட்ட வேறுபாடு. இவ்வழியாற் பயன் பெற்றோருள் ஐலீன் கொலின்ஸ் ஒருவர். நியூயோர்க் மாநிலத்துக் கோர்னிங் சமுதாயக் கல்லூரியிலே 1976 இற் படிப்பை முடித்து, சிரக்கியூஸ் பல்கலைக் கழகத்துக்கு மாறி 1978 இற் பட்டம் பெற்ற அப்பெண்மணி, 1999 இல் விண்வெளி ஓடமொன்றுக்குத் தலைமை தாங்கிய முதற் பெண்ணானார்.

எனினும் கணக்குப் புத்தகத்திற் காணும் சேமிப்பு எல்லோர் கைக்கும் வந்து சேர்வதில்லை. முதற் கல்லூரியிற் கற்ற பாடத்தை இரண்டாவது நிறுவனம் ஏற்க மறுத்தால், அதே பாடத்தை உயர்ந்த விலை கொடுத்து மீண்டுங் கற்க நேர்கின்றது. 2004 முதல் 2009 வரை கல்லூரி மாறியோர் சராசரியாகத் தம் அலகுகளில் நூற்றுக்கு 43 பங்கை இழந்தனரென அமெரிக்கக் காங்கிரசின் கணக்காய்வு அலுவலகம் 2017 இல் மதிப்பிட்டது. அது சமுதாயக் கல்லூரியிலிருந்து மாறியோரை மாத்திரமன்றி, எல்லா வகை மாற்றங்களையும் சேர்த்த கணக்கு. 2015 இல் சமுதாயக் கல்லூரிகளிற் சேர்ந்தோருள் ஆறாண்டுகளுக்குள் நாலாண்டு நிறுவனத்துக்கு மாறியவர் மூன்றிலொரு பங்குக்குச் சற்றுக் குறைவு. அக்காலத்துக்குள் இளமாணிப் பட்டம் பெற்றவர் நூற்றுக்கு 16 பேர் அளவே. வறுமையும், பகுதிநேர வேலையும், குடும்பச் சுமையும் இதற்குக் காரணங்களே. ஆயினும் பாடங்கள் எண்ணப்படாமற் போவது, மாணவன்மீது சுமத்த முடியாத காரணம்.

இக்குறையைப் புளோரிடா மாநிலம் முந்தி உணர்ந்தது. 1971 இலேயே மாநிலம் முழுமைக்குமான உடன்பாடு செய்து, பின்னர் எல்லாக் கல்லூரிகளுக்கும் பொதுவான பாட எண்களையும் வகுத்தது. கலிபோர்னியா 2010 இல் தனிச் சட்டம் இயற்றி, வகுத்த 60 அலகுகளை முடித்தோரிடம் மாநிலப் பல்கலைக் கழகங்கள் மேலும் 60 அலகுகளுக்கு மேற் கேட்கலாகாதென விதித்தது. கேர் தலைமை தாங்கிய பழைய பெரும் பல்கலைக் கழகம் அச்சட்டத்துக்குட் கட்டுப்படவில்லை. இருவகை நிறுவனங்களுக்கும் ஒரே பொதுப் பாடத்தொகுதி வேண்டுமென்ற சட்டம் 2021 இலேதான் வந்தது. யோலியற்றில் ஹார்ப்பரும் பிறவுணும் ஆறு மாணவருக்காகப் பேசி முடித்துக்கொண்ட காரியம் அது.