தலைவரற்ற அமைப்பும் சட்டப் பொறுப்பும்

கூட்டாக ஆற்றிய கருமத்துக்குத் தனியொருவர் எவ்வளவிற்குப் பொறுப்பாளி என்பது வணிகச் சட்ட வரலாற்றிலே பழைய வினாவாகும். 1878 ஆம் ஆண்டு ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகர வங்கி முறிந்தபோது, வரையறையற்ற பொறுப்பினைச் சுமந்த அதன் பங்குதாரருட் பெரும்பாலானோர் வறியராயினர். அடுத்த ஆண்டிலேயே, வங்கிகள் வரையறுத்த பொறுப்பினை ஏற்க வழிசெய்யும் சட்டம் பிரித்தானியாவில் நிறைவேறிற்று.

அவ்வினா இன்று வேறு வடிவில் எழுந்துள்ளது. பிளொக்செயின் என்பது பல கணினிகளில் ஒருங்கே பேணப்படும் பொது ஏடாகும். அதனை ஆதாரமாகக் கொண்டு, பணிப்பாளரோ பதிவோ இன்றி, இலக்கமுறை வில்லைகளை உடையோரின் வாக்கினாலேயே நிருவகிக்கப்படும் அமைப்புகள் தோன்றின. அவற்றுள் ஒன்றான ஊக்கி டாவோமீது 2022 இல் ஐக்கிய அமெரிக்காவின் பண்ட முன்பேர வணிக ஆணைக்குழு வழக்குத் தொடுத்தது. எவரும் எதிர்வாதத்துக்கு முன்வரவில்லை. அதனைப் பதிவுபெறாத சங்கமெனக் கொண்ட கலிபோர்ணியச் சமஷ்டி நீதிமன்றம், 2023 யூனில் 643,542 டொலர் தண்டம் விதித்தது.

வாக்களித்தோரே அதன் உறுப்பினர் என்பது ஆணைக்குழுவின் வாதம். இதன்படி நன்னோக்குடன் வாக்களித்தவர் பொறுப்பாளியாவார். வாளாவிருந்து இலாபம் பெற்றவர் தப்பிவிடுவார். ஆணைக்குழு உறுப்பினர் ஒருவரே இவ்வரையறையை ஏற்க மறுத்தமை ஈண்டு நோக்கற்பாலது. பொறுப்பின் எல்லையை, 1879 இற் போன்று, சட்டமன்றமே வகுத்தல் வேண்டும். இத்தகைய அமைப்புகள் வரையறுத்த பொறுப்புடன் பதிவுபெற வயோமிங் மாநிலம் 2021 இல் இயற்றிய சட்டம் அத்திசையில் வைத்த ஓரடியாகும்.