நிழற்கல்லும் இலைக்கல்லும்

எங்கள் ஊர்ப் பள்ளிவாசல் முற்றத்தில், ஹவுழுக்குப் பக்கத்தில் ஒரு கருங்கல் நின்றது. ஒரு முழ உயரம். நாற்சதுரமாகச் செதுக்கி, சுண்ணாம்புச் சாந்து பூசிய மேடையொன்றின் நடுவே அதை நாட்டியிருந்தார்கள். அதன்மீது செருப்பைச் சாய்த்து வைத்ததற்காக நாங்கள் மோதினார் அப்பாவிடம் ஏச்சு வாங்கியிருக்கிறோம். "அது வெறும் கல்லில்ல மகன், பள்ளிட மணிக்கூடு" என்பார்.

அந்த மணிக்கூட்டுக்கு முள் இல்லை, இலக்கமும் இல்லை. கல்லின் நிழல்தான் முள். காலையில் மேற்கே நீண்டு கிடக்கும் நிழல் மெல்லக் குறுகி வரும். மிகக் குறுகிய பின்னர் கிழக்குப் பக்கம் சரியத் தொடங்கினால் லுஹருடைய வக்து வந்துவிட்டது. அந்தக் குறுகிய நிழலின் நுனியில் மோதினார் கரிக்கோடு போடுவார். கல்லின் உயரத்துக்கு வெட்டிய தென்னை ஈர்க்கொன்று அவரிடம் இருந்தது. கரிக்கோட்டின் நீளத்தோடு ஈர்க்கின் நீளமும் சேர்ந்த அளவுக்கு நிழல் வளர்ந்ததும் அஸருக்குப் பாங்கு சொல்வார். ஷாபிஈ மத்ஹபின் கணக்கு அது.

புத்தளம் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 8 பாகையில் இருக்கிறது. ஆகவே ஆண்டு முழுவதும் நண்பகல் நிழல் ஒரே பக்கத்தில் விழுவதில்லை. டிசம்பர் பிற்பகுதியில் 18 அங்குலக் கல்லின் நண்பகல் நிழல் வடக்கே 11 அங்குலம் வரை நீளும். ஜூனில் அதே நிழல் தெற்குப் பக்கம் 5 அங்குலமளவில் விழும். ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் செப்டெம்பர் முதல் நாட்களிலும் சூரியன் நேர் உச்சிக்கு வருவதால் நிழலே இராது. இந்தக் கணக்கை நான் பிற்காலத்தில் புத்தகம் பார்த்துப் போட்டேன். மோதினார் அப்பாவோ எழுதவும் தெரியாதவர். அந்த மேடையின் இரு பக்கக் கோடுகளையும் பார்த்தே இதையெல்லாம் அறிந்திருந்தார்.

1996இல் நான் உயர்தரப் பரீட்சையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். வரட்சியால் மின்சாரத் தட்டுப்பாடு ஏற்பட, அவ்வாண்டு மே மாதம் அரசாங்கம் நாட்டின் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளியது. ஒக்டோபரில் அதில் அரை மணியைக் குறைத்தது. 2006 ஏப்ரலில்தான் பழைய நேரம் திரும்பியது. இடையிலிருந்த பத்து வருடமும் "பழைய நேரமா, புது நேரமா?" என்று கேட்காமல் ஒரு கலியாண வீட்டுக்கும் போக முடியாது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளில் பழைய நேரமே நடைமுறையில் இருந்தது. ஒரு சிறிய தீவில் இரண்டு நேரங்கள்! மோதினார் அப்பா மட்டும் கலங்கவில்லை. "மணிக்கூட்டத் திருப்பலாம், கல்லத் திருப்ப ஏலுமா?" என்றார்.

அந்தக் கல் இன்று இல்லை. 2008இல் பழைய பள்ளியை இடித்து இரண்டு மாடியில் புதிய பள்ளி எழுப்பினோம். எழுப்பினோம் என்றுதான் சொல்ல வேண்டும். கட்டடக் குழுவின் செயலாளராக இருந்தவன் நான். முற்றத்தை மட்டப்படுத்தும் தீர்மானத்தைக் கூட்டக் குறிப்பேட்டில் எழுதியது இந்தக் கைதான். கல்லை என்ன செய்வது என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அது பெயர்க்கப்பட்டு உடைந்த செங்கற்களோடு அத்திவாரக் குழிக்குள் போய்விட்டது. அளந்து வைத்தோமா? இல்லை. படம் எடுத்தோமா? அதுவுமில்லை. மோதினார் அப்பா அதற்கு முன்னரே வபாத்தாகிவிட்டார்.

திமிஷ்கிலுள்ள உமையாப் பள்ளிவாசலில் தொழுகை நேரம் கணிப்பவராகப் பணியாற்றிய வானியல் அறிஞர் இப்னுஷ் ஷாதிர், 1371இல் அதன் மினாராவுக்கென ஒரு பளிங்குச் சூரியக் கடிகாரம் செய்தார். காலப்போக்கில் அது உடைந்துபோயிற்று. ஆயினும் 1876இல் அதே அளவுகளில் ஒரு பிரதி செய்து வைக்கப்பட்டது. உடைந்ததை மீண்டும் செய்வதற்கு அங்கே அளவு இருந்தது. எங்கள் ஊரில் இருந்தது என்னுடைய ஞாபகம் மாத்திரமே.

இந்த உறுத்தல்தான் என்னை இன்னொரு கல்லிடம் கொண்டு சேர்த்தது. புத்தளத்திலிருந்து அனுராதபுரம் போகும் வழியில் இருக்கும் தப்போவக் குளத்தை நாமெல்லோரும் அறிவோம். ஆசிரிய கலாசாலையில் படித்த நாட்களில் எங்கள் புவியியல் விரிவுரையாளர் அதன் பெயரைச் சொல்லி, "உங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு காடு கல்லாகிக் கிடக்கிறது, போய்ப் பார்த்ததுண்டா?" என்று கேட்டார். நான் குளிக்கப் போனதுண்டு. கல்லைப் பார்த்ததில்லை.

இலங்கையின் பெரும்பகுதி வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய மிகப் பழைய பாறை. அதில் உயிர்ச்சுவடுகளைத் தேடிப் பயனில்லை. ஆனால் தப்போவயிலும் ஆண்டிகமவிலும் ஆதியில் நிலம் வெடித்துக் கீழிறங்கிய சிறு பள்ளங்களில் மணலும் களியும் படிந்து அடையற் பாறையாக இறுகியிருக்கின்றன. அந்தக் களியோடு மரஞ்செடிகளின் இலைகளும் படிந்தன. கனிய அளவையாளர் வேலண்ட் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தப்போவப் பாறைகளை ஆராய்ந்தார். அங்கு கிடைத்த தாவரச் சுவடுகளை கேம்பிரிட்ஜ் பேராசிரியர் சீவர்ட், ஹொல்டம் என்பவரோடு சேர்ந்து 1922இல் விவரித்து, அவை ஜுராசிக் காலத்தவை என்றார். அதாவது குறைந்தது 14 கோடி ஆண்டுகள்.

இதே சீவர்ட்டின் மேசைக்கு அதற்கு முன்னர் வேறொரு இலை வந்திருந்தது. தென்துருவத்திலிருந்து திரும்பும் வழியில் 1912இல் உயிர்நீத்த கப்டன் ஸ்கொட்டின் குழுவினர், சாகும் தறுவாயிலும் 35 இறாத்தல் கற்களை எறியாமல் இழுத்து வந்திருந்தார்கள். அவற்றில் இருந்தது குளோசொப்டெரிஸ் என்னும் மரத்தின் இலை. கிரேக்கத்தில் 'குளோசா' என்றால் நாக்கு; இலையின் வடிவமும் நாக்குத்தான். சீவர்ட் 1914இல் அதைப் பற்றி எழுதினார். இந்தியா, அவுஸ்திரேலியா, ஆபிரிக்கா, தென்னமெரிக்கா எங்கும் கிடைக்கும் இந்த இலை, இவையெல்லாம் ஒரு காலத்தில் கொண்டுவானா என்ற ஒரே நிலமாக இருந்தன என்பதற்கு முக்கிய சாட்சியாயிற்று. இலங்கையில் மாத்திரம் அது அகப்படவில்லை.

2018இல் 'ஜியோலொஜிக்கல் மகசின்' இதழில் வெளியான கட்டுரையில் அந்தக் குறை நீங்கியது. பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சுவீடன் இயற்கை வரலாற்று அருங்காட்சியக ஆய்வாளர் ஒருவரும் தப்போவக் குளத்தருகே குளோசொப்டெரிஸ் இலைகளையும் அம்மரத்தின் வேர்களையும், விதைகளையும் பன்னங்களையும் கண்டறிந்திருந்தார்கள். ஜுராசிக் காலத்துக்கு முந்திய, பேர்மியன் காலப் பிற்பகுதியின் சுவடுகள் அவை. ஏறக்குறைய 25 கோடி ஆண்டுகள் பழையவை. சில இலைகளில் பூச்சி தின்ற ஓட்டைகளும் கடித்த விளிம்புகளும் முட்டையிட்ட தழும்புகளும்கூட இருந்தன. வகுப்பில் இதைச் சொன்னபோது, "சேர், எங்கட கத்தரிக்கண்டுலயும் அப்புடித்தான் ஓட்ட" என்றாள் ஒரு பிள்ளை. என் இருபது வருட ஆசிரிய வாழ்வில் கேட்ட மிகச் சிறந்த விஞ்ஞான விளக்கங்களில் ஒன்று அது.

இங்கும் நான் ஒரு பிழை விட்டிருக்கிறேன். உள்ளங்கையளவு கல்லொன்று, நடு நரம்பு தெளிவாய்த் தெரிந்த இலையோடு எனக்குக் கிடைத்தது. பிள்ளைகளுக்குக் காட்டவென்று கொண்டுவந்து பாடசாலை அலுமாரியில் வைத்தேன். இரண்டு மாரி போனதும் அது ஏடு ஏடாக உரிந்து தூளாயிற்று. எந்தப் படையில், எந்தத் திசை பார்த்துக் கிடந்தது என்பதையும் நான் குறித்து வைக்கவில்லை. கோடிக்கணக்கான வருடம் தாக்குப்பிடித்த இலை என் அலுமாரியில் இரண்டு வருடம் தாங்கவில்லை.

நமது மண்ணின் பழைமையைப் பேசும்போது, 1344இல் இப்னு பதூதா இங்கு வந்திறங்கியதை எல்லா மேடைகளிலும் சொல்கிறோம். சொல்லத்தான் வேண்டும். அது ஏட்டில் எழுதப்பட்டிருப்பதால் நமக்குக் கிடைத்தது. எழுதப்படாதவை முற்றத்திலும் குளக்கரையிலும் கிடக்கின்றன. அவற்றுக்காகப் பேச யாருமில்லை என்பதாலேயே அவை அத்திவாரக் குழிக்குள் போகின்றன.

எங்கள் பாடசாலை முற்றத்தில் இப்போது 18 அங்குல இரும்புக் கம்பியொன்றை நாட்டியிருக்கிறோம். தரம் 8 பிள்ளைகள் வெள்ளிக்கிழமை தவிர்ந்த பள்ளி நாட்களில் நண்பகல் நிழலை அளந்து கொப்பியில் எழுதுகிறார்கள். அதைப் பழைய கல்லுக்கு ஈடென்று சொல்லமாட்டேன். கல்லை நாட்டியவர் யார், எந்த ஆண்டில் நாட்டினார் என்பதெல்லாம் அதோடு போய்விட்டன.

இதை வாசிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்ப் பழைய பள்ளிவாசலில் நிழற்கல் இருந்தால், இடிக்கும் பேச்சு எழுமுன் அதன் உயரத்தையும் கோடுகளையும் அளந்து படமெடுத்து வையுங்கள். அதைப் பார்த்துப் பாங்கு சொன்ன பெரியவர் ஹயாத்தோடு இருந்தால் அவரிடம் உட்கார்ந்து கேளுங்கள். குளக்கரையில் இலை பதிந்த கல்லைக் கண்டால் எடுக்காதீர்கள். படமெடுத்து, இடத்தைக் குறித்து, பல்கலைக்கழகத்துக்கு அறிவியுங்கள். நான் செய்யத் தவறியவை இவைதான்.