திரை இருண்ட கீபோர்டு

நயினார்கோவில் திருவிழான்னா நாகநாதரைக் கும்பிட வர்ற கூட்டம் ஒரு பக்கம், ராத்திரி பாட்டுக்கச்சேரிக்குன்னே பரமக்குடியில இருந்து வர்ற கூட்டம் இன்னொரு பக்கம். பல வருஷம் முன்னாடி அப்படி ஒரு கச்சேரி. கீபோர்டுக்காரர் எனக்குத் தெரிஞ்ச அண்ணன். சுவிட்சைப் போட்டார். சின்ன சிவப்பு லைட் எரிஞ்சுது. திரை மட்டும் சும்மா கருப்பு.

அண்ணன் முகம் வெளுத்துப் போச்சு. மூணு வருஷமா ராத்திரி ராத்திரியா உட்கார்ந்து அவரே செஞ்ச நாதஸ்வரம், உறுமி, புல்லாங்குழல் சத்தமெல்லாம் அந்தப் பெட்டிக்குள்ளதான் இருக்கு. வேற எங்கயும் நகல் கிடையாது. ஆளாளுக்கு வைத்தியம் சொன்னாங்க. "ரீசெட் பண்ணிடுங்கண்ணே, சரியாயிடும்"னு அடிச்சுச் சொன்ன மேதாவி வேற யாருமில்ல, அடியேன்தான்.

அங்க என்ன ஆச்சுன்னு அப்புறம் சொல்றேன். ஒரு உள்ளங்கை அகலக் கண்ணாடி இருண்டா மொத்தக் கச்சேரியும் நின்னு போற நிலைமை எப்ப வந்துச்சு? ஆர்மோனியத்துக்குத் திரை ஏது? துருத்தி கிழிஞ்சா தெரியும், ரீடு போனா காதே சொல்லிடும். (அகில இந்திய வானொலி 1940-ல அந்த ஆர்மோனியத்தையே தள்ளி வெச்சுது, 1971 வாக்குலதான் கதவைக் கொஞ்சம் திறந்துச்சு. அது தனிக் கதை.)

1970-ல தூக்கிட்டுப் போற அளவுல மினிமூக் வந்தப்பவும் திரை கிடையாது. முழுக்கக் குமிழ்கள். திருகித் திருகி ஒரு சத்தத்தைக் கண்டுபிடிச்சா, அடுத்த பாட்டுக்கு மறுபடி திருகணும். ஞாபகம் வாசிக்கிறவர் கையில இருந்துச்சு, பெட்டியில இல்ல. 1978-ல வந்த பிராஃபெட்-5 தான் அதை மாத்துச்சு. செஞ்ச சத்தத்தை ஒரு எண் போட்டு உள்ள சேமிச்சுக்கலாம். கரண்ட் போனாலும் அழியாம இருக்க உள்ளே ஒரு பேட்டரி. அப்பவும் குமிழ்கள் மேலதான் இருந்துச்சு.

குமிழ்களைத் தூக்கி எறிஞ்சது 1983-ல வந்த யமஹா டிஎக்ஸ்7. ஸ்டான்ஃபோர்ட்ல ஜான் சௌனிங் 1967-ல கண்டுபிடிச்ச எஃப்.எம். முறைதான் அதுக்கு மூலம். ஒரு சத்தத்துக்கு நூத்துக்கும் மேல அளவுகள். அத்தனைக்கும் குமிழ் வெச்சா வாத்தியத்தை லாரியிலதான் ஏத்தணும் :-) அதனால சில பட்டன்கள், ஒரு சறுக்குப் பிடி, அப்புறம் வரிக்கு 16 எழுத்து வீதம் ரெண்டே வரி காட்டுற திரவப்படிகத் திரை. உள்ள என்ன நடக்குதுன்னு பார்க்க அது ஒண்ணுதான் ஜன்னல். 1,995 டாலர் விலைக்கு லட்சத்துக்கும் மேல வித்துச்சு. மத்த கம்பெனிகளும் அதே வழியில போனாங்க. திரை இருண்டா கை கட்டிப் போட்ட மாதிரி ஆனது அங்கதான் ஆரம்பம்.

நம்ம ஊர்ல இந்தப் பெட்டிகள் எவ்வளவு அபூர்வம்னு ஒரு விஷயம் சொல்லும். இசையமைப்பாளர் ஆர்.கே.சேகர் 1976-ல இறந்ததும், அவர் வாங்கி வெச்சிருந்த வாத்தியங்களை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் நடந்துச்சு. அவர் மகன்தான் ஏ.ஆர்.ரஹ்மான். எங்க ராமநாதபுரம் பக்கம் கீபோர்டு வந்த வழி வேற. வளைகுடாவுல இருந்து லீவுல வந்தவங்க பெட்டியில வந்துச்சு. எந்தக் கம்பெனியா இருந்தாலும் பேரு 'கேசியோ'தான்!

அதுல ஒரு வில்லங்கம் உண்டு. கேசியோவோட பழைய 9 வோல்ட் அடாப்டர்ல நடுமுனை நெகட்டிவ். யமஹாவோட 12 வோல்ட் அடாப்டர்ல நடுமுனை பாசிட்டிவ். ரெண்டு முனையும் பார்க்க ஒண்ணு போலவே இருக்கும். அவசரத்துல மாத்திச் சொருகிக் காலி பண்ணவங்க எத்தனையோ பேர்.

சரி, திரைக்கு வருவோம். 1888-ல பிராக் நகரத்துல காரட்ல இருந்து எடுத்த பொருளை ஆராய்ஞ்சிட்டிருந்த தாவரவியல்காரர் ரைனிட்சர் கண்ணுல பட்டதுதான் திரவப்படிகம். திரையா மாத்துற வழி 1970-ல ஷாட், ஹெல்ஃப்ரிக் ரெண்டு பேராலயும் வந்துச்சு. பெங்களூர் ராமன் ஆய்வு நிறுவனத்துல எஸ்.சந்திரசேகர் குழு 1977-ல தட்டு வடிவ மூலக்கூறுலயும் இது உண்டுன்னு காட்டுச்சு. விஷயம் என்னன்னா, திரவப்படிகம் தானா ஒளி விடாது. வர்ற ஒளியை மறைக்கும், இல்ல விடும், அவ்வளவுதான். பின்னாடி இருக்கிற விளக்கு செத்தா எழுத்து அங்கேயே இருந்தும் கண்ணுக்குத் தெரியாது. கான்ட்ராஸ்ட் தவறினாலும் அதே கதி. உப்புக்காத்துல உள்ளே போற நாடா வயரோட முனை பச்சை பூத்தாலும் அப்படித்தான். மேல் வரி மட்டும் கட்டம் கட்டமா கருத்து நின்னா திரைக்குக் கரண்ட் வருது, மூளையில இருந்து சேதி வரலைன்னு அர்த்தம். அதுதான் கொஞ்சம் பயப்பட வேண்டிய இடம்.

இதெல்லாம் பின்னாடி படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டது. அன்னைக்கு எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. அண்ணன் ரீசெட்டுக்கு விரலைக் கொண்டு போயிட்டார். மேடை ஓரமா உட்கார்ந்திருந்த ஆர்மோனியப் பெரியவர்தான், "தம்பி, ஒரு கட்டையை அழுத்திப் பாத்தியா?"ன்னார்.

யாருமே அழுத்திப் பார்க்கல! அழுத்தினதும் பியானோ சத்தம் கணீர்னு வந்துச்சு. பெரியவர் டார்ச்சை வாங்கித் திரை மேல சாய்ச்சுப் பிடிச்சார். மங்கலா எழுத்து தெரிஞ்சுது. செத்தது பின்விளக்கு மட்டும்தான். ரீசெட் பண்ணியிருந்தா திரை அப்படியே இருட்டாத்தான் இருந்திருக்கும், மூணு வருஷ உழைப்பு மட்டும் போயிருக்கும்.

டார்ச்சை என் கையில குடுத்துட்டு, "யோசனை சொன்னேல்ல, நீயே பிடி"ன்னுட்டுப் போயிட்டார். விடிய ரெண்டு மணி வரைக்கும் பிடிச்சேன். நடுவுல ரெண்டு தடவை பேட்டரி மாத்தினோம்.