களத்தில் எரிந்த இயந்திரம்

கதிர் முற்றிவிட்டதால் மட்டும் உழவனின் கவலை தீர்ந்துவிடுவதில்லை. அறுத்துக் களத்தில் சேர்த்த பின்னரும் தானியம் தாளோடுதான் கிடக்கிறது. அதனை அடித்து உதிர்த்து, தூற்றிப் பதர் நீக்கி, மூட்டையில் கட்டி முடிப்பதற்குள் பெருமழை ஒன்று பெய்துவிட்டால் ஓராண்டின் உழைப்பு பாழாகும். அந்தச் சில நாள்களுக்குரிய கருவியைச் செய்து விற்ற ஒருவரின் வரலாற்றை இங்கே காண்போம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மிச்சிகன் ஏரிக்கரையில் உள்ள ரசீன் என்னும் ஊரில் தொழில் நடத்திய ஜெரோம் இன்க்ரீஸ் கேஸ் என்பவரே அவர்.

1819-ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலத்தில் பிறந்த கேஸ், இளமையிலேயே கதிரடிக்கும் இயந்திரத்தோடு பழகியவர். 1842-இல் ஆறு இயந்திரங்களைக் கடனாகப் பெற்று, புதிதாகக் குடியேற்றம் நிகழ்ந்துகொண்டிருந்த மேற்குப் பகுதிக்குப் புறப்பட்டார். வழியில் ஐந்தை விற்றார். எஞ்சிய ஒன்றைக் கொண்டு ஊர் ஊராகச் சென்று கூலிக்குக் கதிரடித்துக் கொடுத்தார். அந்த வேலையே அவருக்குப் பள்ளிக்கூடமாயிற்று.

அவ்வியந்திரம் கோதுமையை அடித்து உதிர்க்கும். ஆனால் தானியமும் வைக்கோலும் பதரும் ஒன்றாகவே வெளியே வந்து விழும். பிரிக்கவும் தூற்றவும் மீண்டும் ஆள்கள் வேண்டும். இரு வேலைகளையும் ஒருசேரச் செய்யும் இயந்திரங்கள் கிழக்கு மாநிலங்களில் முன்னரே தோன்றியிருந்தன. கேஸ், விஸ்கான்சினின் ரோச்செஸ்டர் என்னும் சிற்றூரில் தங்கி, தம் இயந்திரத்தைத் திருத்தித் திருத்தி, இரண்டையும் செய்யும் ஒன்றைத் தாமே உருவாக்கினார். பட்டறையை ஓட்ட ஆற்று நீரின் விசையைப் பயன்படுத்த அவ்வூரில் உரிமை கேட்டார், கிடைக்கவில்லை. எனவே 1844-இல் ரசீனுக்குப் பெயர்ந்தார். மூன்றே ஆண்டுகளில், 1847-இல், அங்கு மூன்று மாடிச் செங்கல் கட்டடம் ஒன்றை எழுப்பினார். தராமல் மறுத்த ஊர் ஒரு பெருந்தொழிலை இழந்தது. ரசீன் அதனைப் பெற்றது.

இத்தொழிலின் இயல்பை நாம் சற்று நின்று நோக்க வேண்டும். புதுநிலத்தில் குடியேறிய உழவரிடம் ரொக்கம் இல்லை. அறுவடைக்குப் பின் தருவதாகக் கடன் பத்திரம் எழுதிக் கொடுத்தே அவர்கள் இயந்திரத்தை வாங்கினார்கள். விளைச்சல் பொய்த்தால் தவணையும் பொய்த்தது. கேஸ் தாமே நெடுந்தொலைவு பயணம் செய்து நிலுவையைத் தண்ட வேண்டியிருந்தது. ஆயினும் விற்றவரின் இடரைவிட வாங்கியவரின் இடரே பெரிது. இயந்திரம் நல்லதா என்பதைக் கடையில் நின்று பார்த்து அறிய முடியாது; களத்தில் கதிரை இட்டு ஓட்டும்போதுதான் தெரியும். அப்போது அது நின்றுபோனால் வேறொன்றைத் தேடிச் செல்ல நாள் இராது. ஆகவே உழவன் பணம் கொடுத்தது இயந்திரத்துக்கு மட்டும் அன்று. செய்தவரின் சொல்லுக்கும் சேர்த்தேயாகும்.

1863-இல் மூவரைப் பங்காளிகளாகச் சேர்த்துக்கொண்டார் கேஸ். 1869-இல் நிறுவனம் தன் முதல் நீராவி இயந்திரத்தைச் செய்தது. சக்கரங்களின் மேல் அமைந்திருந்தும் அது தானே நகராது. குதிரைகளே அதைக் களத்துக்கு இழுத்துச் சென்றன. புகைபோக்கியின் தீப்பொறி வைக்கோலில் விழாதிருக்க அதனைத் தள்ளி நிறுத்தி, நீண்ட வார்ப்பட்டையால் கதிரடிக்கும் இயந்திரத்தோடு இணைப்பது வழக்கம். அதுவரை குதிரைகளின் விசையால் ஓடிய இயந்திரங்கள் படிப்படியாக நீராவிக்கு மாறின.

1884-இல் நிகழ்ந்ததாக அந்நிறுவனத்தின் வரலாற்றில் தவறாது சொல்லப்படும் செய்தி ஒன்று உண்டு. மினசோட்டா மாநிலத்தில் ஓர் உழவரின் இயந்திரம் சரிவர ஓடவில்லை. உள்ளூர் முகவரால் சரிசெய்ய இயலவில்லை. பின்னர் வந்த கைதேர்ந்த பணியாளராலும் இயலவில்லை. அறுபதைக் கடந்திருந்த கேஸ் தாமே புறப்பட்டு வந்தார். தம் கையாலேயே முயன்றார். அவராலும் முடியவில்லை. உடனே மண்ணெண்ணெய் வரவழைத்து, இயந்திரத்தின் மேல் ஊற்றித் தீயிட்டார். மறுநாள் அந்த உழவருக்குப் புதிய இயந்திரம் வந்து சேர்ந்தது.

பயன்படக்கூடிய மரமும் இரும்பும் எரிந்தது வீண்விரயம் அன்றோ என்று நம்மில் சிலர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வியே. அதனை எரிக்காமல் பிரித்து எடுத்துச் சென்றிருக்கலாம். நாம் கொள்ளத்தக்கது அந்தத் தீயை அன்று; மறுநாள் வந்த புதிய இயந்திரத்தையே. பழுதுக்குக் காரணம் உழவரின் கைப்பிழை என்று அவர் தப்பித்துக்கொள்ளவில்லை. அறுவடைக் காலம் முடியட்டும் என்று தவணை சொல்லவும் இல்லை.

நமது ஃபிக்ஹு நூல்களின் வணிகப் பாடத்தில் 'கியாருல் அய்ப்' என்னும் சட்டத்தை மாணவர்க்குக் கற்பிக்கிறோம். விற்கும்போதே பொருளில் இருந்த குறை பின்னர் தெரியவந்தால், அதனைத் திருப்பியளிக்க வாங்கியவருக்கு உரிமை உண்டு என்பதே அதன் கருத்து. அந்த உரிமை, வாங்கியவர் வாய்திறந்து கேட்ட பின் தொடங்கும் வழக்காக நின்றுவிடலாகாது. குறையை அறிந்தவுடன் விற்றவரே எழுந்து செல்வது அதனினும் மேலானது. முஸ்லிம் அல்லாத ஒருவர் தொலைதூர நாட்டில் அவ்வாறு நடந்துகொண்டார் எனும்போது, சட்டத்தையே கையில் வைத்திருக்கும் நாம் எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம்.

கேஸ் 1891-இல் இறந்தார். அவர் பெயரைத் தாங்கிய வேளாண் இயந்திரங்கள் இன்றும் உலகின் பல நாடுகளில் வயல்களில் ஓடுகின்றன. கடை வைத்திருக்கும் நம் சகோதரர்களும், தையலும் மின்பணியும் பழுதுபார்ப்பும் செய்து பிழைக்கும் நம் பிள்ளைகளும் இவ்வரலாற்றிலிருந்து ஒன்றை மனத்தில் பதிக்கட்டும்: பணம் கைக்கு வந்ததோடு வியாபாரம் முடிவதில்லை. வாங்கியவர் வீட்டில் அப்பொருள் பயன்படும் காலம் வரை அவருக்கு நாம் கொடுத்த சொல் ஓர் அமானிதமாகவே இருக்கிறது.