மருந்து போதையானால் பொறுப்பு யாருடையது?

நோய் தீர்க்க வந்த மாத்திரையே சிலருக்குத் தீரா நோயாகிவிடுகிறது. அப்பழி யாரைச் சாரும்? உட்கொண்டவரையா, சீட்டெழுதிய மருத்துவரையா, விற்ற கடைக்காரரையா, செய்த நிறுவனத்தையா, அரசையா? மாணவர்களே, இவ்வினாவை ஆராய நம் தருமபுரியின் வரலாறே துணை நிற்கிறது.

ஆங்கிலேய அரசு அபின் வாணிகத்தைத் தன் தனியுரிமையாக்கிப் பெரும்பொருள் ஈட்டியது. அதனை ஆராய்ந்து 1895இல் அறிக்கை தந்த ஆணைக்குழுவும் அவ்வாணிகத்தை நிறுத்தச் சொல்லவில்லை. வருவாய் பெறுபவரே தீங்கை அளக்கும்போது தீங்கு சிறிதாகத் தோன்றுவது இயல்பன்றோ?

1937 அக்டோபர் 1ஆம் நாள் இராஜாஜியின் அமைச்சரவை, சென்னை மாகாணத்தில் முதன்முதலாகச் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொணர்ந்தது. தருமபுரி அன்று அம்மாவட்டத்தின் பகுதி. 1965இல்தான் தனி மாவட்டமாயிற்று. குடித்தவரைத் தண்டித்ததோடு நில்லாது, கள்ளுக்கடையால் வந்த வருவாயையும் அரசு துறந்தது. அவ்விழப்பை ஈடுசெய்யவே 1939இல் விற்பனை வரி பிறந்தது.

மதுவிலக்கு நிலவிய மாநிலங்களில் சாராயம் கலந்த டிங்சர்கள், மருந்து என்னும் பெயரால் குடிக்கப்பட்டன. நோயாளிக்கு வேண்டிய மருந்தை அடியோடு தடுத்தலும் இயலாது. ஆகவே, 1955இல் இயற்றிய சட்டமொன்று, அத்தகைய மருந்துகளின் மாநிலங்களுக்கிடையேயான வாணிகத்தைக் கட்டுப்படுத்தியது. பொறுப்பு குடித்தவரைக் கடந்து வணிகரிடமும் சென்றது.

மாத்திரைக்கும் இதே நெறிதான். 1940ஆம் ஆண்டின் மருந்துச் சட்டத்தின்கீழ் அமைந்த விதிகள், குறித்த சில மருந்துகளைச் சீட்டின்றி விற்கலாகாது என்கின்றன. 2013இல் சேர்க்கப்பட்ட 'எச்1' அட்டவணைப்படி, மருத்துவர் பெயர், நோயாளி பெயர், விற்ற அளவு ஆகியவற்றைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு காக்கவேண்டும்.

மருத்துவரையே ஏமாற்றினால்? அமெரிக்காவில் 1996இல் 'ஆக்சிகான்டின்' என்னும் வலி மாத்திரை விற்பனைக்கு வந்தது. அடிமையாக்கும் இயல்பு அதற்குக் குறைவு என்று பொய்யுரைத்து விற்றதாக, பர்டியூ குழும நிறுவனமொன்று 2007இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. அதற்குள் எண்ணற்ற குடும்பங்கள் சீரழிந்திருந்தன.

இவற்றால் நான் கொள்ளும் முடிவு இது: தீங்கினை அறியும் வாய்ப்பும், அதனால் வரும் ஊதியமும் எவரிடம் மிகுதியோ, பொறுப்பும் அவரிடமே மிகுதி. அவ்வரிசையில் நிறுவனமும் அரசும் முன்னே நிற்கும். மருத்துவரும் கடைக்காரரும் அடுத்து நிற்பர். வலியோடு வந்த நோயாளி கடைசியில் நிற்பார். நம் போதைப்பொருள் சட்டமும், தாமே முன்வந்து சிகிச்சை பெறும் அடிமைக்கு வழக்கிலிருந்து விலக்குத் தர இடமளிக்கிறது. ஆயினும் கடைசி இடமும் ஓர் இடமே. பழைய சீட்டைக் காட்டி மாத்திரை வாங்குவதையும், பிறர்க்கு எழுதிய மருந்தை உண்பதையும் விலக்குதல் நம் கையில் உள்ளது.